முதலில் வைப்பது யார்

ஈப்போவில் நான் வேலை பார்த்த கம்பெனியில் நாற்பது மேசை இருந்தது. மேசைக்கு ஒரு போன். ஆனால் வெளியே பேசுவதற்கு ஐந்தே லைன். அந்த ஐந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் சுவிட்ச்போர்டு. அதன் முன்னால் நான்.

எழுபதுகளின் கடைசி அது. ஈயச் சுரங்கங்களுக்குத் தண்ணீர் பம்பும் அதற்கான உதிரிச் சாமானும் விற்கிற கம்பெனி. கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே பம்பு நின்றாலும் எங்கள் போர்டில் விளக்கு எரியும். யாராவது மேசையில் போனை எடுத்தால் ஒரு விளக்கு, வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் இன்னொரு விளக்கு. நான் முனையில் பிளக் வைத்த கயிற்றைச் செருகி, "என்ன வேணும்?" என்று கேட்டு, காலியான லைன் ஒன்றைப் பிடித்து இணைத்துவிட வேண்டும். பேசி முடித்ததும் கயிற்றைப் பிடுங்கினால்தான் அடுத்தவருக்கு லைன். வெளியே உள்ளவர்களுக்கு எங்கள் நாற்பது பேரையும் தெரியாது. ஒரு நம்பர் தெரியும், என் குரல் தெரியும், அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு மேல் போர்டு கொதிக்கும். ஐந்தில் ஒன்றை வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக எப்போதும் விட்டுவைப்பேன். மிச்சம் நாலை வைத்துக்கொண்டு நாற்பது பேரையும் சமாளிக்க வேண்டும். யாருக்கு அவசரம், யாருக்கு அவசரம் மாதிரி, யார் சும்மா காதலியோடு பேசுகிறார் என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும். விற்பனைப் பகுதியில் ஓர் அண்ணன் இருந்தார். அவர் லைனைப் பிடித்தால் விடமாட்டார். நான் நடுவில் நுழைந்து, "மன்னிக்கணும் அண்ணே, இன்னும் பேசுறீங்களா?" என்பேன்.

"இப்பதான் ஹலோ சொன்னேன் தங்கச்சி."

"நீங்க ஹலோ சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் தேத்தண்ணி ஆறிப்போச்சுண்ணே."

"ரெண்டு நிமிசம்லா!"

"உங்க ரெண்டு நிமிசத்துல நான் கல்யாணம் பண்ணி புள்ள பெத்துருவேன்."

இப்படி வாயாலேயே ஓட்டினேன். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆங்கிலம், கொஞ்சம் கண்டோனீஸ் சீனம், கடைத்தெரு மலாய் எல்லாமே காதில் விழுந்து ஒட்டிக்கொண்டவைதான். யார் எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையை எடுத்து மடியில் கட்டிக்கொள்வேன். தவ்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, தினமும் போர்டைக் கடக்கும்போது மலாயில் கேட்பார்: "தங்கச்சி, லைன் அடா கா?" லைன் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றால், "லைன் இருந்தால் கடை இருக்கு" என்பார். இல்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் பயம்.

பயத்துக்குக் காரணம், நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண்ணை, போர்டைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று தற்காலிகத்திலேயே அனுப்பிவிட்டார்கள். என்னையும் அப்படி அனுப்பினால் போவதற்கு இடம் இல்லை. காம்பார் சாலையில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு சட்டம்: வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருக்கும்வரைதான் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருக்கலாம். அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார். அம்மா மட்டும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண் மங்கிக்கொண்டு வந்தது. அம்மா கத்தியை வைக்கிற நாளில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். நான் நிரந்தரமானால், ஒண்டியிருந்த அறையை விட்டு ஈப்போவிலேயே ஒரு வாடகை வீடு பிடித்து இருவரையும் கூட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் என்ன என்று நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அப்பா திங்கள்கிழமைகளில் போர்டுக்குக் கூப்பிடுவார். தோட்டத்து முக்கில் ஒரு மளிகைக்கடை. அங்கே ஒரு போன் இருந்தது. சாமான் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்டு எடுப்பார். அந்தக் காலத்தில் பக்கத்து ஊர்களுக்குள் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே கட்டணம் என்பதால் கடைக்காரரும் முகம் சுளிக்கமாட்டார்.

"அம்மாடி, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்பா. போர்டுல கூட்டமா இருக்கு. சொல்லுங்க."

"நெரந்தரம் ஆச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி சரி. வேலயப் பாரு. அடுத்த வாரம் கேக்குறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. "சரிப்பா" என்று சொல்லிக் கயிற்றைப் பிடுங்கிவிடுவேன். விற்பனை அண்ணனோடு ஒப்பிட்டால் என் அப்பாவைப் போல நாணயமாகப் பேசுகிறவர் இல்லை என்று எனக்குள் பெருமை வேறு.

அந்தத் திங்கள்கிழமைகளில்தான் லைன் சாக ஆரம்பித்தது.

காலையில் ஐந்தும் சரியாக இருக்கும். பத்தரைக்கு மேல் பார்த்தால் ஒரு லைனில் டயல் சத்தமே இருக்காது. கயிற்றைச் செருகிக் கேட்டால் பஞ்சைக் காதில் அடைத்தது போல ஓர் இரைச்சல் மட்டும் வரும். பிடுங்கிச் செருகினாலும் அதே இரைச்சல்தான். மதியத்துக்கு மேல் தானாக உயிர் வந்துவிடும். ஒரு வாரம் இரண்டாவது லைன், ஒரு வாரம் நாலாவது. எது சாகும் என்று சொல்ல முடியாது. திங்கள்கிழமைதான் எல்லாச் சுரங்கத்துக்காரர்களும் கூப்பிடுகிற நாள். ஒரு லைன் போனால் அவ்வளவு பேரும் மிச்ச நாலில் முட்டிக்கொள்வார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு என்று நான் விட்டுவைத்த லைனையும் எடுக்க வேண்டியதாகிவிடும். காம்பாரிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் காலை முழுக்கக் கூப்பிட்டுக் கிடைக்காமல், பம்பை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். அன்றைக்குத் தவ்கே போர்டுப் பக்கமே வரவில்லை.

வந்தது பெரிய கிராணி, ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. கணக்கும் ஆளும் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத் தமிழர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருப்பார். என்னை நிரந்தரமாக்குவதும் அனுப்புவதும் அவர் வாயில் இருந்தது.

"பிள்ளை, ஐஞ்சு லைன் எடுத்திருக்கிறம். நாலிலதான் கதைக்கிறம். மற்றது எங்க போகுது?"

"தெரியலைங்க ஐயா. லைன் பழுதுன்னு நினைக்கிறேன்."

"லைன் பழுதோ, ஆள் பழுதோ எண்டு பாக்கத்தான் வேணும். டெலிபோன் இலாகாவில இருந்து ஆளைக் கூப்பிடுறன். எப்ப பழுதாகுது?"

"திங்கக்கிழமைங்க ஐயா. பத்து பத்தரைக்கு மேல."

நாளையும் நேரத்தையும் நானேதான் குறித்துக் கொடுத்தேன்.

அந்தத் திங்கள் அப்பா வழக்கம்போலக் கூப்பிட்டார். வழக்கம்போல நிரந்தரம் ஆச்சா என்று கேட்டார். "இன்னிக்கி தெரிஞ்சிரும்பா" என்று சொல்லிக் கயிற்றைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மூன்றாவது லைன் செத்திருந்தது. எனக்குச் சந்தோஷம். இலாகா ஆள் வருவதற்குள் லைன் உயிர்பெற்றுவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடுமே என்று அதைத் தொடாமல் காத்துவைத்தேன்.

இலாகா ஆள் ஒரு மலாய்க்காரர். அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பு நிறையக் கருவிகளோடு வந்தார். போர்டின் பின்பலகையைக் கழற்றினார். மூன்றாவது லைனின் கம்பியில் தன் சோதனைப் போனைக் கவ்வவைத்துக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். பிறகு கைக்கு அடக்கமான ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்து அதையும் மாட்டினார். தவ்கே, பெரிய கிராணி, விற்பனை அண்ணன், தட்டச்சுப் பெண்கள் என்று சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"இது சாகவில்லை," என்றார் மலாயில். "அந்தப் பக்கத்தில் யாரோ இன்னும் போனை வைக்காமல் இருக்கிறார்கள். இவர்கள் கயிற்றைப் பிடுங்கிப் பயனில்லை. கூப்பிட்டவர் வைக்காதவரை லைன் விடாது."

"யார் அது?" என்றார் தவ்கே.

அபாங் பெட்டியின் குமிழைத் திருகினார். முதலில் துணி உரசுவது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு கோழி. தேங்காய் துருவுகிற சத்தம். அப்புறம், தொண்டை கட்டின ஓர் ஆண்குரல், தமிழில்.

"என்னய்யா, இன்னுமா நிக்கிறே? ஒக்காருய்யா. சாமி ஏதோ வரம் குடுக்கப்போற மாதிரி போனுக்கு முன்னாடி நிக்கிறியே!"

அதற்கு இன்னொரு குரல், மெதுவாக, அதட்டலாக:

"சும்மா இருப்பா. கம்பெனி இன்னும் வைக்கல."

முதல் குரல் மளிகைக் கடைக்காரர். இரண்டாவது குரல் என் அப்பா.

அப்பா தோட்டத்து ஆபீசில் தபால்காரராக இருந்தவர். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, தேத்தண்ணி வைப்பது, கிராணிகள் வெளியே போயிருந்தால் துரை பங்களாவிலிருந்து வருகிற போனை எடுப்பது. துரையோடு போனில் பேசும்போது எழுந்து நிற்க வேண்டும், தோள் துண்டு இடுப்புக்கு வர வேண்டும். பேசி முடித்ததும் துரைதான் முதலில் வைப்பார். நாம் முந்திக்கொண்டு வைத்தால் அது துரையின் முகத்தில் கதவைச் சாத்தியது போல. போனை மேசையில் மெதுவாகக் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேசாமல் நின்று, அந்தப் பக்கம் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்து வைக்கலாம். வேலையிலிருந்து நின்ற பிறகும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. என் கம்பெனியும் அவருக்கு இன்னொரு துரை. துண்டை மடித்துக் கடை மேசையில் விரித்து, அதன்மேல் போனைக் கிடத்திவிட்டு, கம்பெனி வைக்கட்டும் என்று நின்றிருக்கிறார். துரை கூப்பிட்டபோது லைன் துரை கையில் இருந்தது. இப்போது கூப்பிட்டவர் இவர். இவர் வைக்காமல் அது எப்படி விடும்? வேறு யாராவது போன் கேட்டு வந்து, கடைக்காரர் பிடுங்கி வைக்கும்வரை, வாராவாரம் நின்றிருக்கிறார்.

கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு வரிசையாக எழுந்தது. தமிழர்கள் முதலில், அப்புறம் மலாய்க்காரர்கள், கடைசியாகச் சீனர்கள். யார் அந்த ஆள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாமலே முடிந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அபாங் தன் சோதனைப் போனைப் பெரிய கிராணியிடம் நீட்டினார்.

"ஹலோ! ஹலோ! ஆர் அங்க?"

துணி உரசும் சத்தம். போனை எடுக்கிறார்.

"உத்தரவுங்கய்யா!"

"ஆர் கதைக்கிறது?"

யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்ததும் அப்பாவின் குரல் இன்னும் குனிந்தது. தோட்டத்தில் அவருக்குத் தெரிந்த பெரிய கிராணிகள் எல்லாம் அந்தத் தமிழ்தான் பேசினார்கள்.

"கிராணி ஐயாங்களா? கும்புடுறேங்கய்யா. நான் ஒங்க போர்டுல இருக்கிற புள்ளையோட அப்பனுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெரிய கிராணி மட்டும் திரும்பவில்லை.

"கதைச்சு முடிஞ்சதெண்டால் போனை வையுங்கோ."

"ஐயா மொதல்ல வைங்கய்யா."

"நான் வைச்சாலும் லைன் விடாது. நீங்கள்தான் எடுத்தது. நீங்கள்தான் வைக்கவேணும்."

"அதெப்பிடிங்கய்யா? காலம்பூரா தொர ஆபீசுல இருந்தவன். அந்த மரியாத தெரியாதவனா நானு? நீங்க வைங்க. சத்தம் நின்னதும் நான் வெச்சிர்றேன்."

"என்ன சொல்றான்?" என்று தவ்கே மலாயில் கேட்டார்.

"நீங்க மொதல்ல வைக்கணுமாம் தவ்கே," என்றார் விற்பனை அண்ணன். மறுபடியும் சிரிப்பு. போர்டில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் எதையும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, இந்த வாய்ப்பு இனி கிடைக்காது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஐயா, ஒரு வார்த்தைங்கய்யா. எம்புள்ள நல்ல புள்ளைங்க. சின்னதுல அம்மாகூட மரம் வெட்டப் போவும். ஒரு நாளு ஒரு சொட்டுப் பாலு கீழ சிந்துனதில்ல. எப்பிடியாவது நெரந்தரம் பண்ணி விட்டுருங்கய்யா. ஒங்க கால்ல விழறேன்."

"யோவ்," என்றது கடைக்காரர் குரல், "போன்ல எப்பிடிய்யா கால்ல விழுவே?"

இந்தத் தடவை அவ்வளவு பேர் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து கழிப்பறைக்கு ஓடியிருப்பேன். அவள் இரக்கப்பட்டதால் நாற்காலியோடு ஒட்டிப்போனேன். பால்வாளியும் லயமும் மங்கின கண்ணும் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாக வந்து ஆபீஸ் தரையில் கொட்டிக் கிடந்த மாதிரி இருந்தது. முழங்கால் மறைகிற பாவாடையும் கழுத்தில் மெல்லிய சங்கிலியுமாக, கூலிக்காரி மகள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க எவ்வளவு பாடுபட்டிருந்தேன்.

பெரிய கிராணியின் காது சிவந்திருந்தது. சோதனைப் போனை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். வீட்டுக் குரல் வரவில்லை. வந்தது போர்டுக் குரல். தெரியாதவர்களோடு பேசுவதற்கு என்று நான் பழகிவைத்திருந்த குரல்.

"ஹலோ. கம்பெனியிலிருந்து பேசுறோம். தயவுசெய்து போனை வைங்க."

அந்தப் பக்கம் துண்டு உரசியது. பிறகு அப்பா சொன்னார்:

"சரிங்கம்மா."

வாம்மா, போம்மா என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவர். 'ங்க' போட்டார். கடக்கென்று சத்தம். பெட்டியிலிருந்து டயல் சத்தம் நீளமாக, சுத்தமாக வந்தது. "சுடா," என்றார் அபாங். முடிந்தது என்று. பலகையைத் திருகி மூடிவிட்டுப் போனார். நான் எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அவர் என் குரலை அடையாளம் கண்டு, ஆபீசில் எல்லாரும் நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு எனக்காக 'ங்க' போட்டாரா, அல்லது உண்மையிலேயே யாரோ ஒரு கம்பெனி அம்மா என்று நினைத்தாரா? கேட்கவே இல்லை. இரண்டில் எந்தப் பதிலும் எனக்கு நல்ல பதில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பெரிய கிராணி போர்டுப் பக்கம் வந்து நின்றார்.

"பிள்ளை, லைனிலயும் பிழையில்லை, போர்டிலயும் பிழையில்லை எண்டு தவ்கேயிட்டச் சொல்லிப்போட்டன். வாற மாசம் தொடக்கம் நீர் நிரந்தரம். ஆனால் வீட்டு ஆக்கள் இனி போர்டுக்கு எடுக்கக் கூடாது. இருக்கிறது ஐஞ்சு லைன்."

"சரிங்க ஐயா."

போகத் திரும்பினவர் நின்றார்.

"அப்பாவை இருந்துகொண்டு கதைக்கச் சொல்லும்." உட்கார்ந்து பேசச் சொல்ல வேண்டுமாம்.

நிரந்தரம் வந்துவிட்டது. அதற்காகச் சந்தோஷப்பட எவ்வளவோ முயன்றேன். என் வேலையைப் பார்த்துக் கொடுத்தாரா, அப்பா காலில் விழுந்ததற்காகக் கொடுத்தாரா என்பது மட்டும் முள் மாதிரி நின்றுவிட்டது. ஆபீசில் அதற்குப் பிறகு கொஞ்ச காலம், பேசி முடிக்கிறபோதெல்லாம் விற்பனை அண்ணன், "தங்கச்சி, கம்பெனி வெச்சிருச்சா?" என்பார். நல்ல மனுஷர். புண்படுத்தச் சொன்னதில்லை. யாருடைய வார்த்தையையும் மடியில் கட்டிக்கொள்கிற நான், அந்த ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நிரந்தரமானதை வீட்டுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனபோது லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கிராணி ஐயா எங்கிட்டயே பேசுனாரும்மா! தங்கமான மனுசன். மொதல்ல நீங்க வைங்கன்னு எங்கிட்ட சொல்றாரு, பாரேன். அவ்வளவு பெரிய மனுசன். நான் கேட்டேன், குடுத்துட்டாரு."

பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்கப்பா ஒரே போன்ல முடிச்சிட்டாரே!" என்றாள். நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் இருந்ததை எடுத்துவிட எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் நானே கூப்பிடுகிறேன், நீங்கள் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாமா. நெரந்தரமான ஆளு. வேல ஜாஸ்தியா இருக்கும்," என்றார்.

அடுத்த திங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபால் ஆபீஸ் பக்கத்தில் இருந்த பொதுப் போனிலிருந்து மளிகைக்கடைக்குக் கூப்பிட்டேன். அம்மாவின் கண்ணை ஈப்போ ஆஸ்பத்திரியில் காட்டுவது, பார்த்துவைத்த வாடகை வீடு, அது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம் என்பது என்று ஒரு வாரப் பேச்சைச் சேர்த்துவைத்திருந்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பி அப்பாவைக் கூட்டிவந்தார்.

"அப்பா, உக்காந்து பேசுங்க."

"ஒக்காந்துதாம்மா இருக்கேன்."

"பொய்யி, பொய்யி!" என்று பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார். "நிக்கிறாரும்மா! துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வெறப்பா நிக்கிறாரு!"

"நீ சும்மா இருப்பா. சொல்லுங்க... சொல்லும்மா."

இந்தத் தடவை கூப்பிட்டவள் நான். லைன் என் கையில் இருந்தது. நான் எவ்வளவு நேரம் பேசினாலும் அவ்வளவு நேரமும் அவர் நிற்பார். சேர்த்துவைத்ததில் அம்மாவின் கண்ணை மட்டும் சொன்னேன். வீட்டைப் பற்றி நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"வேறென்னம்மா?"

"ஒன்னும் இல்லப்பா. வைக்கட்டுமா?"

"வைம்மா."

துண்டின்மேல் போனைக் கிடத்துகிற சத்தம் கேட்டது. நான் உடனே வைத்தேன்.